தமிழில் ஃபைல் பெயர்: விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றில் எது மேல்?

திருவல்லிக்கேணி டிடிபி கடையில் போடும் ஒரு கல்யாணப் பத்திரிகை, அச்சுக்குப் போவதற்குள் மூன்று சிஸ்டத்தையும் தொட்டுவிடலாம். டைப் செய்வது விண்டோஸில், டிசைன் மேக்கில், பேக்கப் லினக்ஸ் சர்வரில். ஃபைலுக்குத் தமிழில் பெயர் வைத்திருந்தால் இந்தப் பயணத்தில்தான் சிக்கல் வரும்.

கெடுபிடியில் விண்டோஸுக்கே முதலிடம். கேள்விக்குறி, நட்சத்திரக்குறி, முக்காற்புள்ளி, இரட்டை மேற்கோள் எதையும் ஏற்காது. பெயரின் கடைசியில் புள்ளியோ இடைவெளியோ இருந்தால் சொல்லாமலே நீக்கிவிடும். லினக்ஸில் சாய்கோட்டுக்கும், பெயர் முடிந்தது என்று காட்டும் சுழிய பைட்டுக்கும் மட்டும்தான் தடை. மேக்கில் ஃபைல்களைக் காட்டும் ஃபைண்டரில் 14/04 என்று தேதியே போடலாம்; உள்ளே அது சாய்கோட்டை முக்காற்புள்ளியாக மாற்றிச் சேமிக்கும். பெரிய எழுத்து, சிறிய எழுத்துச் சண்டை தமிழுக்கு இல்லை, விட்டுவிடுவோம்.

நமக்கு உண்மையான சோதனை ‘கோயில்’ போன்ற பெயர்தான். ‘கோ’வில் வரும் ஓகாரக் குறியை, எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் பொது முறையான யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம்: ஒரே குறியீடாக, அல்லது இரட்டைக் கொம்பும் காலும் தனித்தனிக் குறியீடுகளாக. திரையில் இரண்டும் ஒன்றுதான். ஆனால் விண்டோஸும் லினக்ஸும் குறியீட்டை அப்படியே ஒப்பிடுவதால், ஒரே ஃபோல்டரில் இரண்டு ‘கோயில்’ பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும். பெயரைத் தட்டித் தேடினால் ஒன்று சிக்கும், மற்றது சிக்காமல் போகலாம். எதில் கடைசித் திருத்தம் இருக்கிறது என்று திறந்து பார்த்தால்தான் தெரியும்.

டிஸ்கில் ஃபைல்களை அடுக்கி வைக்கும் மேக்கின் பழைய முறையான ஹெச்எஃப்எஸ் பிளஸ் எல்லாவற்றையும் பிரித்தே சேமித்தது. 2017-இல் வந்த ஏபிஎஃப்எஸ் கொடுத்த வடிவத்தை மாற்றாமல் வைத்துக்கொண்டு, ஒப்பிடும்போது இரண்டையும் ஒன்றாகவே எடுத்துக்கொள்கிறது. என் கணிப்பில் இதுதான் சரியான முறை. படிப்பவர் கண்ணுக்கு ஒரே பெயர் என்றால் மெஷினுக்கும் ஒரே பெயராக இருக்க வேண்டும்.

ஆனால் மேக்கும் கைவிடும் இடம் ஒன்று உண்டு. ‘ஸ்ரீ’யை ஸகரத்தில் தொடங்கியும் எழுதலாம், 2005-இல் யூனிகோடில் சேர்ந்த ஶகரத்தில் தொடங்கியும் எழுதலாம். பல எழுத்துருக்களில் இரண்டுக்கும் ஒரே உருவம். யூனிகோடு விதிப்படி இவை வெவ்வேறு என்பதால் மூன்று சிஸ்டமும் இவற்றை இரண்டு பெயர்களாகவே பார்க்கும். ‘ஸ்ரீ’ போட்டுத் தொடங்கும் பத்திரிகைகளுக்கு இது பெரிய தலைவலி.

நீளத்தில் லினக்ஸ்தான் தமிழுக்குக் கஞ்சம். ஒரு பெயருக்கு 255 பைட். தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் 3 பைட் பிடிக்கும், ஆக 85 குறியீடுதான். ‘ஸ்ரீ’ மட்டுமே 4 குறியீடு, 12 பைட். விண்டோஸில் 255 குறியீடு வரை போகலாம். அதனால் மணமக்கள் பெயர், மண்டபம், தேதி எல்லாம் சேர்த்து விண்டோஸில் வைத்த பெயர் சர்வருக்குக் காப்பியாகாமல் நின்றுவிடலாம்.

கைமாறும் ஃபைல் என்றால் குறிகளுக்கு விண்டோஸ் விதி, நீளத்துக்கு லினக்ஸ் விதி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏற்கெனவே பிரிந்து கிடக்கும் ‘கோ’க்களைச் சேர்க்க லினக்ஸில் கன்வ்எம்வி என்ற கருவி இருக்கிறது. முதலில் என்னென்ன மாறும் என்று காட்ட மட்டும் செய்யும். ‘நோடெஸ்ட்’ என்று தனியாகச் சொன்னால்தான் பெயரில் கை வைக்கும். ‘ஸ்ரீ’யை மட்டும் நீங்களேதான் தேடித் திருத்த வேண்டும்.