ஊசிக்கு ஐந்து ஸ்டார், ரிப்போர்ட்டுக்கு இரண்டு

மதுரையில் வீட்டுக்கே ஆள் அனுப்பி ரத்தம் எடுக்கும் ஒரு லேபில் ஆன்டிகார்டியோலிப்பின் டெஸ்ட்டை இரண்டு தடவை எடுத்தேன். பதினான்காவது வாரத்தில் கரு கலைந்த பிறகு டாக்டரம்மா எழுதிக் கொடுத்த மூன்று டெஸ்ட்டில் அது ஒன்று; உடம்பு தனக்கே எதிராக உண்டாக்கும் ஒருவகை ஆன்டிபாடி ரத்தத்தில் இருக்கிறதா என்று பார்ப்பது. மற்றவை லூபஸ் ஆன்டிகோயாகுலன்ட், பீட்டா-2 கிளைக்கோபுரோட்டீன்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆறே முக்காலுக்கு வருவதாகச் சொன்ன தம்பி ஆறு நாற்பதுக்கே காலிங் பெல் அடித்தார். என் கையில் நரம்பு கிடைப்பது கஷ்டம். எங்கே போனாலும் மூன்று இடத்தில் குத்துவார்கள். இவர் "கையைக் கொஞ்சம் தொங்கப் போடுங்கக்கா" என்று காத்திருந்து ஒரே குத்தில் எடுத்துவிட்டார். நீல மூடிக் குழாயில் கோடு வரைக்கும் சரியாக நிரப்பி, நாலு தடவை மெதுவாகக் கவிழ்த்து நிமிர்த்தினார். "இது உறைஞ்சுட்டா டெஸ்ட் வீண்க்கா."

ரிப்போர்ட் வந்ததும்தான் வினை. அந்த ஆன்டிபாடியின் இரண்டு வகையில் ஐஜிஜி நார்மல், ஐஜிஎம் 24. 12க்கு மேல் போனாலே பாசிட்டிவ் என்று தடித்த சிவப்பு எழுத்து. விளக்கம் ஒரு வரி கிடையாது. பெயரில் 'கார்டியோ' இருப்பதைப் பார்த்த என் மாமியார், எனக்கு இதயத்தில் கோளாறு என்றே முடிவுகட்டி விளக்கேற்றப் போய்விட்டார். (கார்டியோலிப்பின் என்பது மாட்டு இதயத்திலிருந்து 1940களில் பிரித்தெடுத்த கொழுப்பு, பெயர் அதனால் வந்ததுதான்.) உதவி எண்ணில் கேட்டால் அந்தப் பெண் கூசாமல் "ரத்தம் உறையாத வியாதி மேடம்" என்றார்.

நேர் எதிர்! இந்த ஆன்டிபாடி தொடர்ந்து இருந்தால் வேண்டாத இடத்தில் ரத்தம் உறையலாம்: காலில் கட்டலாம், மூளையில் அடைத்துப் பக்கவாதம் வரலாம், நஞ்சுக்கொடி கெட்டுக் கரு கலையலாம். லூபஸ், அதாவது உடம்பின் எதிர்ப்புச் சக்தி உடம்பையே தாக்கும் நோய், உள்ளவர்களில் பலருக்கு இது இருக்கும். லூபஸ் ஆன்டிகோயாகுலன்ட் என்ற அந்த இன்னொரு டெஸ்ட்டின் பெயரில்தான் குழப்பம். குழாய்க்குள் உறைவைத் தாமதப்படுத்துவதால் 'ஆன்டிகோயாகுலன்ட்' (உறைவைத் தடுப்பது) என்கிறார்கள், உடம்புக்குள் அது செய்வது வேறு. பாவம், அந்தப் பெண்ணுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை போல. ஆனால் நான் இரண்டு ராத்திரி தூங்கவில்லை.

டாக்டரம்மா ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு, "போன மாசம் காய்ச்சல் வந்துச்சாம்மா?" என்றுதான் முதலில் கேட்டார். வந்திருந்தது. தொற்று வந்தால் கொஞ்ச நாள் இது ஏறி இறங்குமாம். 40க்கு மேல் போய், குறைந்தது 12 வாரம் கழித்து எடுத்தாலும் அப்படியே இருந்தால்தான் கணக்கு. அப்போதும் சின்ன டோஸ் ஆஸ்பிரினும் ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின் ஊசியும் போட்டுக்கொண்டே பலர் நல்லபடியாகப் பிள்ளை பெற்றிருக்கிறார்கள் என்றார். இந்த நாலு வரியை லேபே ரிப்போர்ட்டின் அடியில் அச்சடித்திருக்கலாமே?

லேப்கள் பயன்படுத்தும் டெஸ்ட் கிட்டுக்குக் கிட்டு எண் மாறும் என்பதால் மறுபடியும் அங்கேயே எடுக்கச் சொன்னார். கோபம்தான், ஆனாலும் எடுத்தேன். அதே தம்பியையே கேட்டு வாங்கினேன். ஐஜிஎம் 9. பழைய எண்ணையும் பக்கத்திலேயே போட்டிருந்தார்கள், அது நல்ல வசதி.

மறுநாளே போன். "மேடம், நீங்க கார்டியோ டெஸ்ட் எடுத்திருக்கீங்க, ஹார்ட் பேக்கேஜ் பாதி விலைக்கு இருக்கு." போனை மாமியாரிடமே கொடுத்துவிட்டேன்.