தில்லைநகர் மாடியில் சுழல் உதை கற்ற எட்டு மாதம்

முப்பத்தைந்து வயதைத் தாண்டிய பெண்ணுக்குக் கொரியத் தற்காப்புக் கலையான டேக்வாண்டோ கற்றுத்தரும் இடம் தேடித் திருச்சியில் அலைந்தவள் நான். யாருக்காவது அந்த அலைச்சல் குறையட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். தில்லைநகரில் ஒரு மருந்துக் கடைக்கு மேலே, மாடியில் நடக்கும் வகுப்பு இது. திங்கள், புதன், வெள்ளி மாலை ஆறரை மணி. பெயர்ப்பலகை கிடையாது, மாடிப்படியில் வரிசையாகக் கிடக்கும் சிறுவர் செருப்புகள்தான் அடையாளம். மாதம் 1,200 ரூபாய், சீருடைக்குத் தனி. ஸ்ரீரங்கத்திலிருந்து ஸ்கூட்டரில் காவிரிப் பாலத்தைக் கடந்து எட்டு மாதமாகப் போய்வருகிறேன். நான் சேர்ந்ததே சுழல் உதைக்காகத்தான். அதனால் அதைப் பற்றித்தான் அதிகம் சொல்லப்போகிறேன்.

அந்த ஆசை என் மகள் கலந்துகொண்ட ஒரு போட்டியில் வந்தது. ஒரு சிறுமி, எதிரில் நிற்பவளுக்கு முதுகைக் காட்டித் திரும்பினாள். அடுத்த கணம் அவள் குதிகால் எதிராளியின் தலைக்கவசத்தை உரசிப் போயிருந்தது. பலகையில் 5 புள்ளிகள் ஏறின. டேக்வாண்டோ விதிப்படி குத்துக்கு 1 புள்ளி, உடற்கவசத்தில் உதைத்தால் 2, தலையில் 3. அதையே சுழன்று உதைத்தால் உடலுக்கு 4, தலைக்கு 5. எதிராளிக்கு முதுகைக் காட்டும் அந்த அரை விநாடி ஆபத்துக்குக் கொடுக்கும் விலை அது என்று பக்கத்தில் இருந்த ஒருவர் விளக்கினார். அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

முதலில் வேறொரு வகுப்பில் சேர்ந்தேன். பத்தாவது நாளே வரிசையில் நிற்கவைத்து, ஒருமுறை சுழன்று காட்டிவிட்டு, எங்களையும் சுழலச் சொன்னார்கள். நான் வேகமாகத் திரும்பினேன். உடம்பு திரும்பியது, ஊன்றிய இடது பாதம் மட்டும் புது விரிப்பில் ஒட்டிக்கொண்டு அப்படியே நின்றது. இரண்டுக்கும் நடுவில் முறுகியது முழங்கால். மூன்று வாரம் படியேறும்போதெல்லாம் கைப்பிடியைப் பிடித்தேன். பள்ளியில் நாள் முழுக்க நின்று பாடம் நடத்துகிறவளுக்கு அது சின்ன வலி இல்லை.

தில்லைநகர் மாஸ்டரிடம் முதல் நாளே இதைச் சொன்னேன். "உதைக்கும்போது ஊன்றிய காலின் குதிகால் தரையில் இருந்ததா, தூக்கியிருந்ததா, டீச்சர்?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. "அது தெரிகிறவரை உதைக்க வேண்டாம்" என்றார். அந்த ஒரு கேள்விக்காகவே இங்கே பணம் கட்டலாம்.

சொன்னபடியே மூன்று வாரம் உதைக்க விடவில்லை. என் இடது குதிகாலில் சாக்பீஸ் பொடியைத் தடவிக்கொள்ளச் சொன்னார். இடது கால் முன்னே, வலது கால் பின்னே வைத்து நிற்க வேண்டும். முன்பாதத்தில் மட்டும் எடையை வைத்து, குதிகால் எதிராளியைப் பார்க்கும்படி திரும்ப வேண்டும். அவ்வளவுதான் பயிற்சி. குதிகால் தரையைத் தொட்டால் நீல விரிப்பில் வெள்ளையாக ஒரு வில் விழும். முதல் நாள் என்னைச் சுற்றிலும் வெள்ளை விற்கள். இரண்டாவது வாரம் ஆங்காங்கே புள்ளிகள். மூன்றாவது வாரம் ஒரு புதன்கிழமை, இருபது முறை திரும்பியும் விரிப்பு நீலமாகவே இருந்தது. பதினாறு ஆண்டுகளாகக் கையில் சாக்பீஸ் பிடிக்கிறேன்; அதை வைத்து இப்படி ஒரு பாடம் நடத்தலாம் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

அடுத்தது கண். சுவரில் கண் உயரத்தில் ஒரு ஸ்டிக்கர் பொட்டை ஒட்டினார். பாதம் திரும்பியதும் தலை வலது தோளுக்கு மேலாகச் சட்டென்று திரும்பிப் பொட்டைப் பார்த்துவிட வேண்டும். பார்த்த பிறகே கால் எழ வேண்டும். என்னைப் போன்றவர்கள் செய்யும் பெரிய பிழை, தரையைப் பார்த்தபடி சுற்றுவது. தலை கவிழ்ந்தால் இடுப்பு சாயும், இடுப்பு சாய்ந்தால் கால் துடைப்பம்போலத் தாழப் போகும். பொட்டைப் பிடிக்கப் பழகிய பிறகு தலைசுற்றலும் நின்றது.

அதற்குப் பிறகும் நேராகச் சுழல் கொக்கி உதைக்கு, அதாவது ஹூக் கிக்குக்கு, வரவில்லை. முதலில் பேக் கிக். முதுகைத் திருப்பி, இரண்டு முழங்காலும் ஒன்றையொன்று உரச, குதிரை பின்னால் உதைப்பதுபோல ஒரே கோட்டில் உதைப்பது. அது நேராகப் போகத் தொடங்கிய பிறகு, இலக்குக்குச் சற்று வெளியே காலை நீட்டி, அங்கிருந்து முழங்காலை மடக்கிக் குதிகாலால் இடமிருந்து வலமாக வாரி இழுக்கச் சொன்னார். நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு, பத்து எண்ணும் மெதுவில் ஒரு உதை. தொடையின் பின்பக்கம் தீயாக எரியும். வேகத்தில் மறைந்துபோகும் எல்லாப் பிழையும் இந்த மெதுவில் வெளியே வந்துவிடும்.

பதினொன்றாம் வகுப்பில் கோண உந்தம் நடத்தும்போது, சுழல் நாற்காலியில் ஒரு மாணவனை உட்காரவைத்து, இரண்டு கையிலும் எடையைக் கொடுத்துச் சுற்றிவிடுவேன். கையை உள்ளே இழுத்தால் வேகம் கூடும், விரித்தால் குறையும். நிலைமத் திருப்புத்திறன் என்று கரும்பலகையில் எழுதுவேன். அதே பாடத்தை என் காலே எனக்கு நடத்தியது. காலை முன்கூட்டியே நீட்டிக்கொண்டு சுழன்றால் உடம்பு நகரவே மறுக்கிறது. முழங்காலை மடக்கி உடலோடு ஒட்டிவைத்துத் திரும்பி, கடைசியில் நீட்டினால் பறக்கிறது. இதை மாஸ்டரிடம் சொன்னபோது, மறுநாள் சிறுவர்களுக்கும் அந்த நாற்காலிச் சோதனையைச் செய்துகாட்டும்படி கேட்டுக்கொண்டார். கற்றுக்கொடுக்கிறவர் கற்றுக்கொள்ளவும் தயாராக இருக்கிற இடம் என்று அன்றுதான் முழு நம்பிக்கை வந்தது.

நான்காம் மாத முடிவில் ஒன்பது வயதுப் பையன் ஒருவன், நான் உதைப்பதற்காகப் பேட் பிடித்தான். துடுப்புப் போன்ற அந்தப் பேடில் இரண்டு தட்டுகள் இருக்கும். சரியாகப் பட்டால் ஒன்றோடொன்று மோதிப் பளீரென்று ஒலிக்கும், தவறாகப் பட்டால் தலையணையில் அடித்ததுபோல மொத்தென்று கேட்கும். ஆறு மொத்து. ஏழாவது பளீர். வலது கால் சுற்றிவந்து, புறப்பட்ட இடத்திலேயே இறங்கியது. "ஆன்ட்டி, இப்போது சரியாகப் பட்டது" என்றான் அவன், கையை உதறிக்கொண்டே.

இனி குறைகள். விரிப்புதான் முதல் குறை. ஒரு மீட்டர் சதுரத் துண்டுகளைப் பல் பல்லாகக் கோத்த வகை. ஓரத் துண்டுகள் தேய்ந்து மேலெழும்பி நிற்கின்றன. சுழலும்போது கால்விரல் மாட்டுகிறது. நான் எப்போதும் நடுவில் இடம் பிடிக்கிறேன். வியர்வையில் விரிப்பு வழுக்கும், காய்ந்த பாதத்தில் ஒட்டும். ஆகவே ஒரு ஈரத்துணியும் ஒரு காய்ந்த துண்டும் கொண்டுபோங்கள். மாஸ்டரிடம் இரண்டு முறை சொல்லியாயிற்று. மாற்றுவதாகச் சொல்கிறார், இன்னும் மாற்றவில்லை. சுழல் உதைக்கு முழங்காலை இவ்வளவு அக்கறையாகப் பார்க்கிறவர் தரையை இப்படி விட்டிருப்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

பெண்கள் உடை மாற்றத் தனி அறை இல்லை. வீட்டிலேயே சீருடையைப் போட்டுக்கொண்டு மேலே ஒரு துப்பட்டா சுற்றிப் போகிறேன். சிறுவர்களின் பெல்ட் தேர்வு நெருங்கும் வாரங்களில் பெரியவர்கள் ஓரத்தில் தாமாகப் பயிற்சி செய்ய வேண்டியதுதான். பெல்ட் தேர்வுக்குத் தனிக் கட்டணம் உண்டு, சேரும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். கருப்பு பெல்ட் வரை போகும் எண்ணம் இருந்தால் இன்னொன்றும் கேளுங்கள்: சியோலில் 1972-இல் கட்டப்பட்ட குக்கிவோன்தான் டேக்வாண்டோவின் தலைமையகம், அதன் சான்றிதழுக்கு விண்ணப்பிக்கும் வழி உண்டா என்று. இங்கே உண்டு, செலவு எவ்வளவு என்று எழுதியே தருகிறார்கள்.

யாருக்கு ஏற்றது? 2000 சிட்னி முதல் ஒலிம்பிக்கில் பதக்கப் போட்டியாக இருக்கும் இந்த விளையாட்டில் பதக்கக் கனவோடு பிள்ளையைச் சேர்க்க நினைப்பவர்கள், மின்னணு உடற்கவசத்தோடு அன்றாடம் மோதிப் பழகும் பெரிய வகுப்பைத் தேடுவது நல்லது. இங்கே மோதல் பயிற்சி வாரம் ஒரு நாள்தான். முழங்கால் பயமும் உதைக்கும் ஆசையும் ஒன்றாக வைத்திருக்கும் என் வயதுப் பெண்களுக்கு இதைவிட நல்ல இடத்தை இந்த ஊரில் நான் பார்க்கவில்லை.

போன வாரம் மாஸ்டர், "வலது கால் போதும், இனி இடது கால்" என்றார். இப்போது வலது குதிகாலில் சாக்பீஸ் பொடி. விரிப்பில் மறுபடியும் வெள்ளை விற்கள்.