ஆர்ன், ஹார்ட்லேண்ட், ஸ்டட்லேண்ட்: கூடாரம் போட்டவர்கள் எங்கே போவது?

இங்கிலாந்தின் தென்கரையில், டார்செட்டின் பர்பெக் பகுதியில், கார்ஃப் காசில் கிராமத்தைச் சுற்றிப் பண்ணை வயல்களிலேயே சிறிய முகாம்கள் இருக்கின்றன. அங்கே கூடாரம் அடித்தால் மூன்று ஹீத் நிலங்கள் கூப்பிடு தூரத்தில். சத்தில்லாத மணல் மண்ணில் ஹெதர் என்ற குட்டைச் செடியும் முள் நிறைந்த கோர்ஸ் புதரும் மண்டிய திறந்தவெளிதான் ஹீத். 2020-இல் பல அமைப்புகளின் நிலங்களைச் சேர்த்து 3,331 ஹெக்டேரில் ஒரே தேசிய இயற்கைக் காப்பகமாக அறிவித்தார்கள்.

மூன்றில் எது சிறந்தது என்று நண்பர்கள் கேட்கும்போதெல்லாம், எத்தனை மணிக்குப் போகப் போகிறீர்கள் என்றுதான் திருப்பிக் கேட்பேன். பகலில் காரில் வந்து போகிறவர்களுக்குக் கிடைக்காத விடியலும் அந்தியும் முகாமில் தங்குகிறவர்களுக்குக் கிடைக்கின்றன. ஹீத் உயிரோடு இருப்பதும் அப்போதுதான்.

விடியலுக்கு ஆர்ன். பிரிட்டனின் பறவைப் பாதுகாப்புச் சங்கமான ஆர்எஸ்பிபி பராமரிக்கும் இடம். பிரிட்டனின் ஆறு ஊர்வன இனங்களும் இங்கே உண்டு. வெயில் ஏறுவதற்குள் போனால் ஹெதர் ஓரத்தில் மணல் பல்லி குளிர்காய்வதைப் பார்க்கலாம். வசந்த காலத்தில் ஆணின் விலாப்புறம் பளிச்சென்ற பச்சை. ஆடர் என்ற விரியனும் அதே வெயிலைத் தேடித்தான் வரும். அதனால் பாதையை விட்டு இறங்கக் கூடாது.

இன்னொன்று டார்ட்ஃபோர்டு கதிர்க்குருவி. மார்பு ஒயின் சிவப்பு, வால் நீளம், கண்ணைச் சுற்றிச் சிவப்பு வளையம். கோர்ஸ் உச்சியில் ஏறி ஒரு நொடி பாடிவிட்டு உள்ளே மறைந்துவிடும். பூச்சி தின்னும் குருவி, ஆனாலும் குளிர்காலத்தில் ஊரைவிட்டுப் போகாது. 1962-63 கடுங்குளிருக்குப் பிறகு நாடு முழுவதும் பத்துச் சொச்சம் ஜோடிகளே மிஞ்சின. அங்கிருந்து மீண்டு வந்த பறவை என்று தெரிந்து பார்க்கும்போது எனக்கு மனசு நிறைந்துவிடும்.

ஆர்னில் பாதைகள் தெளிவாக இருக்கும், குழந்தைகளோடு போக வசதி. வார இறுதியில் பதினொரு மணிக்குப் போனால் மட்டும் கூட்டத்தைத்தான் பார்க்க வேண்டியிருக்கும்.

அந்திக்கு ஹார்ட்லேண்ட் மூர். என் ஓட்டு இதற்குத்தான். கார்ஃபுக்கு மிக அருகில் இருந்தும் மூன்றில் கூட்டம் குறைந்தது இதுவே. 1806-இல் களிமண்ணைப் பூல் துறைமுகத்துக்குக் கொண்டுபோகக் குதிரை இழுக்கும் தண்டவாளம் ஒன்றை இதன் வழியே போட்டார்கள். பள்ளமான சதுப்பில் பூச்சி பிடிக்கும் சண்ட்யூ செடி, டார்செட் ஹீத் என்ற அரிய ஹெதர் வகை எல்லாம் வளர்கின்றன. ஆனால் போக வேண்டிய காரணம் பக்கி, அதாவது நைட்ஜார். ஆப்பிரிக்காவிலிருந்து மே மாதம் வரும் இந்தப் பறவை, சூரியன் மறைந்த பிறகு கத்தத் தொடங்கும். தூரத்தில் யாரோ நிறுத்தாமல் தையல் மெஷின் ஓட்டுகிற மாதிரி சத்தம். நடுவில் ஆண் பறவை சிறகைத் தட்டிக்கொண்டு தலைக்கு மேலே பறக்கும். ஜூன் மாதம், காற்றில்லாத மாலை என்றால் சாப்பாட்டை முன்னாலேயே முடித்துக்கொண்டு கிளம்புங்கள்.

ஸ்டட்லேண்டுக்குக் கடற்கரைதான் பெருமை. ஹீத்தின் நடுவே அக்லஸ்டோன் என்ற பெரிய மணற்பாறை நிற்கிறது. ஐல் ஆஃப் வைட்டிலிருந்து கார்ஃப் கோட்டையை நோக்கிச் சாத்தான் எறிந்த கல் என்று ஊர்க்கதை. அதுவரை நடந்துபோனால் நல்ல காட்சி கிடைக்கும். ஆனால் கோடை நாளில் கார் நிறுத்தவே பாதி நாள் போய்விடும். ஹீத்துக்காக வருகிறவர்களுக்கு இதை மூன்றாவதாகத்தான் சொல்வேன். மழை விட்ட செப்டம்பர் நாள் என்றால் சரி, போகலாம்.

எங்கே போனாலும் மார்ச் முதல் ஜூலை வரை நாயைக் கயிற்றில் பிடித்துக்கொள்ளுங்கள், தரையில் கூடு கட்டும் பறவைகள் நிறைய. சிகா மான்கள் திரிவதால் உண்ணிகளும் உண்டு. கால்சட்டை நுனியைச் சாக்ஸுக்குள் செருகிக்கொள்வது நல்லது. ஒருமுறை சமைத்துவிட்டுத் தூக்கியெறியும் பார்பிக்யூ அடுப்பு வேண்டவே வேண்டாம். 2020 மே மாதம் பக்கத்து வேர்ஹாம் காட்டில் சுமார் 220 ஹெக்டேர் எரிந்தது. பல்லியும் பாம்பும் அந்தத் தீயிலிருந்து ஓடித் தப்ப முடியாது. சமையலை முகாமிலேயே முடித்துவிடுங்கள்.