அலாய் வீல் உதறல்: மறுபடி பேலன்சிங்கா, ஹப் ரிங்கா, ரோடு ஃபோர்ஸா?

கம்பெனி வீலைக் கழற்றிவிட்டு வெளியில் வாங்கிய அலாய் வீலை மாட்டுகிறோம். 80 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டினால் ஸ்டியரிங் உதறுகிறது. இதற்குப் பொதுவாக மூன்று வைத்தியம் சொல்வார்கள். ஒன்று, வீலின் எடை சுற்றிலும் சமமாக இருக்கும்படி ரிம்மில் கட்டி ஒட்டும் பேலன்சிங்கை மறுபடி செய்வது. இரண்டு, ரிம்முக்கும் ஹப்புக்கும் (வீலை மாட்டும், காரோடு இருக்கும் சுழலும் மையப் பகுதி) நடுவே உள்ள இடைவெளியை அடைக்க ஹப் ரிங் போடுவது. மூன்று, டயரை உருளையால் அழுத்திச் சோதிக்கும் ரோடு ஃபோர்ஸ் எந்திரத்துக்குப் போவது. என் காருக்கு நான் தேர்ந்தெடுத்தது ஹப் ரிங். அந்தப் பக்கம் சாய்ந்துதான் எழுதப் போகிறேன், அதனால் மற்ற இரண்டுக்கும் இங்கே இடம் கொஞ்சம் குறைவுதான்.

முதலில், குற்றம் வீலில்தானா என்று உறுதி செய்துகொள்ள வேண்டும். பிரேக் மிதிக்கும்போது மட்டும் உதறினால் டிஸ்க்கைப் பாருங்கள். ஆக்சிலரேட்டர் கொடுக்கும்போது மட்டும் என்றால் டிரைவ் ஷாஃப்ட். வண்டி நிற்கும்போதும் நடுக்கம் இருந்தால் எஞ்சின் மவுன்ட். இவை எதுவும் இல்லாமல், குறிப்பிட்ட வேகத்தில் தொடங்கி ஆக்சிலரேட்டரை விட்டாலும் தொடர்கிறது என்றால் வீல் பக்கம்தான். ஸ்டியரிங்கில் தெரிவது பெரும்பாலும் முன்வீல், சீட்டில் தெரிவது பின்வீல். பழைய வீலைத் திரும்ப மாட்டி அதே ரோட்டில் ஓட்டிப் பார்ப்பதைவிடத் தெளிவான சோதனை இல்லை, செலவும் இல்லை.

சரி, வீல்தான் என்று தெரிந்துவிட்டது. பேலன்சிங் போட்டவர் எந்திரத்தில் 0 காட்டியதைக் கண்முன்னே காட்டுகிறார். அப்படியும் வண்டி உதறுகிறது. அவர் பொய் சொல்லவில்லை, எந்திரமும் பழுதில்லை. பேலன்சிங் எந்திரம் ரிம்மின் நடு ஓட்டையில் கூம்பைச் செருகித்தான் வீலைப் பிடிக்கிறது. அதற்கு மையம் என்றால் அந்த ஓட்டையின் மையம். காரில் கதை வேறு. வெளியில் விற்கும் அலாய் வீலை ஒரே அச்சில் வார்த்துப் பல கம்பெனி கார்களுக்கும் விற்க வேண்டும் என்பதால் நடு ஓட்டையைப் பெரிதாகவே வைப்பார்கள். 73.1 மி.மீ. என்பது அடிக்கடி காணும் அளவு. அந்த ஓட்டைக்குள் நுழையும் ஹப்பின் விளிம்போ காருக்குக் கார் மாறும். சுசூகி, டொயோட்டா சிறிய கார்கள் பலவற்றில் 54.1, ஹோண்டாவில் 56.1 அல்லது 64.1, ஃபோக்ஸ்வேகனில் 57.1, ஹூண்டாயின் 5 நட் மாடல்கள் பலவற்றில் 67.1. ஆக, 73.1 ஓட்டை 54.1 விளிம்பைத் தொடுவதே இல்லை. அங்கே மையத்தை முடிவு செய்வது நட்டுகள் மட்டும்தான். எந்திரம் ஒரு மையத்தில் சுற்றிப் பார்த்துச் சான்றிதழ் தருகிறது, கார் இன்னொரு மையத்தில் சுற்றுகிறது.

இந்த விலகல் எவ்வளவு இருந்தால் கையில் தெரியும்? டயரோடு சேர்த்து 18 கிலோ எடையுள்ள வீல் கால் மில்லிமீட்டர் தள்ளி உட்கார்ந்திருக்கிறது என்று வையுங்கள். ரிம்மில் ஈயக்கட்டி ஒட்டும் இடம் மையத்திலிருந்து சுமார் 20 செ.மீ. என்றால், அங்கே 22 கிராம் எடை கூடுதலாக ஒட்டியதற்கு அது சமம். சாதாரண கார் டயரின் சுற்றளவு 2 மீட்டருக்குப் பக்கம், எனவே 100 கிலோமீட்டர் வேகத்தில் வீல் விநாடிக்கு ஏறக்குறைய 14 முறை சுற்றும். அந்த வேகத்தில் இந்த 22 கிராம் மூன்றரை கிலோ கனத்தின் இழுப்பாக மாறி, சுற்றுக்கு ஒரு தடவை ஹப்பைப் பிடித்து ஆட்டுகிறது. இழுப்பு வேகத்தின் வர்க்கத்தோடு ஏறும் என்பதால் 50 கிலோமீட்டரில் அதில் கால்பங்குதான். ஊருக்குள் ஓட்டும்போது ஒன்றுமே தெரியாமல் நெடுஞ்சாலையில் மட்டும் ஆட்டம் காட்டுவது இதனால்தான். கடைக்காரர் 5 கிராம் வித்தியாசத்துக்குக் கட்டியை மாற்றி மாற்றி ஒட்டுகிறார். காரில் ஏற்றியதும் வீல் கால் மில்லிமீட்டர் நகர்ந்தாலே அந்த உழைப்பெல்லாம் வீண்.

“கூம்பு நட் தானாகவே வீலை நடுவில் கொண்டுவந்துவிடும், ரிங் எல்லாம் வியாபாரத் தந்திரம்” என்று ஒரு தரப்பு உண்டு. அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. வீல் தரையைத் தொடாமல் தூக்கி நிறுத்தி, நட்டுகளை முதலில் கையாலும் பிறகு எதிரெதிராக நட்சத்திர வரிசையிலும் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்கினால், ரிங் இல்லாமலே வீல் நன்றாக மையத்தில் உட்காரும். ஆனால் எந்தக் கடையில் அப்படிச் செய்கிறார்கள்? ஏர் கன்னை எடுத்து முதல் நட்டை ஒரே மூச்சில் இறுக்குவார்கள், வீல் அந்தப் பக்கமே ஒட்டிக்கொள்ளும். பாதி இறுக்கத்தில் ஜாக்கை இறக்கினால் வண்டியின் எடையே வீலைத் தள்ளிவிடும். ஒவ்வொரு தடவை கழற்றி மாட்டும்போதும் உதறல் கூடுகிறது, குறைகிறது, சில சமயம் காணாமலே போகிறது என்றால் மையம்தான் குற்றவாளி. எத்தனை முறை கழற்றினாலும் ஒரே மாதிரி இருந்தால் டயர் அல்லது ரிம்மைச் சந்தேகப்படலாம். என் வண்டி முதல் ரகம், அதனால் ரிங். ரிங் போட்டபின் யார் மாட்டினாலும் ஒரே மாதிரி உட்காருகிறது என்பதுதான் எனக்குக் கிடைத்த பெரிய லாபம்.

ஆனால் ரிங் எல்லாவற்றையும் காப்பாற்றாது. வெளி அலாய்கள் பெரும்பாலும் 60 டிகிரி கூம்பு நட்டுக்குச் செய்தவை. ஹோண்டாவின் கம்பெனி நட் உருண்டை முனை, டொயோட்டா அலாய் நட்டுகள் பல தட்டையான வாஷர் வகை. அவற்றைக் கூம்புக் குழியில் போட்டு இறுக்கினால் உதறலைவிடப் பெரிய ஆபத்து, நட்டே தளரலாம். முதலில் நட்டை மாற்றுங்கள், ரிங்கைப் பிறகு யோசிக்கலாம். ஹப் முகத்தில் துரு, டிஸ்க்கைப் பிடிக்க ஸ்டட்டில் (நட்டு ஏறும் போல்ட்) போட்டிருக்கும் சின்னத் தகட்டுக் கிளிப் போன்றவை வீலைத் தட்டையாக உட்காரவிடாது. ஒயர் பிரஷ் போட்டுத் தேய்த்துவிட்டு மாட்டுங்கள்.

ரிங்கிலும் பிளாஸ்டிக், அலுமினியம் என்று இரண்டு உண்டு. உலோகம் என்றால் உறுதி என்று கை தானாக அலுமினியத்துக்குப் போகும். நான் பிளாஸ்டிக் பக்கம். வண்டியின் எடையை ரிங் சுமப்பதில்லை. நட்டின் இறுக்கத்தால் ரிம்முக்கும் ஹப்புக்கும் நடுவே வரும் உராய்வுதான் சுமக்கிறது. மாட்டும் நேரத்தில் வீலை நடுவில் நிறுத்துவதோடு ரிங்கின் வேலை முடிந்தது, அதற்குப் பிளாஸ்டிக் போதும். அலுமினியம் மழையிலும் ஈரத்திலும் இரும்பு ஹப்போடு அரித்து ஒட்டிக்கொள்ளும். இதில் ஒரு சங்கடம் இருக்கிறது, கடையில் யாரும் சொல்வதில்லை. நடுவழியில் பஞ்சர். ரிம்மைக் கழற்றினால் ரிங் ஹப்பிலேயே தங்கிவிடுகிறது. டிக்கியில் இருக்கும் ஸ்டெப்னி கம்பெனி வீல், அதன் ஓட்டை 54.1. ஹப்பில் 73.1 வெளிவிட்டமுள்ள ரிங் உட்கார்ந்திருக்கும்வரை ஸ்டெப்னி ஏறாது. பிளாஸ்டிக் என்றால் ஸ்குரூடிரைவரால் நெம்பிப் பிய்த்துவிடலாம், உடைந்தாலும் நஷ்டம் சின்னது. அலுமினியத்தைச் சுத்தியலால் தட்டிக்கொண்டு ரோட்டோரம் நிற்க வேண்டியதுதான். அப்புறம், ஸ்டெப்னிக்கு ஏற்ற பழைய நட்டுகளையும் டிக்கியில் போட்டு வையுங்கள்.

பிளாஸ்டிக்குக்கு எதிரான வாதம் வெப்பம். மலைப்பாதையில் நீளமாக இறங்கும்போது பிரேக் சூடு ஹப்புக்கு ஏறி ரிங்கை இளக்கக்கூடும். என் ஓட்டம் பெரும்பாலும் சமவெளி, அதனால் இந்த இடத்தில் என் சிபாரிசுக்கு வலு குறைவு. மலையே வாழ்க்கை என்பவர்கள் அலுமினியம் வாங்கி, ஹப் விளிம்பில், உலோகங்கள் ஒட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஆன்டி-சீஸ் பேஸ்ட் மெல்லிசாகத் தடவிக்கொள்வது நல்லது. ஸ்டட் மரையில் மட்டும் அது படக்கூடாது.

ரோடு ஃபோர்ஸ் எந்திரம் மற்ற இரண்டும் தொடாத ஒன்றைக் கண்டுபிடிக்கும். டயர் சுற்றிலும் ஒரே விறைப்பாக இருப்பதில்லை, ஓரிடத்தில் கட்டியாகவும் இன்னோரிடத்தில் இளக்கமாகவும் இருக்கும். உருளை அழுத்தி அதை அளந்து, டயரின் மேடு ரிம்மின் பள்ளத்துக்கு நேரே வரும்படி திருப்பி மாட்டச் சொல்லும். ரிங், நட் எல்லாம் சரியாக இருந்தும் உதறல் மிச்சம் என்றால் இதுதான் வழி. இதுவும் வீலை நடு ஓட்டையில்தான் பிடிக்கிறது, ஆகவே காரில் வீல் மையம் தப்பி உட்காருவது இதன் கண்ணிலும் படாது. ரிங்குக்கு முன்னால் இங்கே போவது தலைகீழ் வரிசை. நான் இதைப் பார்த்தது என் டயர்களில் மட்டும், ரிங் போட்டபின் கிடைத்த முன்னேற்றம் கொஞ்சம்தான். மோசமான டயரில் கதை வேறாக இருக்கலாம்.

மறுபடி பேலன்சிங்? கட்டி உதிர்ந்திருந்தால், உள்பக்கம் சேறு காய்ந்திருந்தால் செய்யலாம். செய்யும்போது ஒரு முறை அளந்தபின் வீலைத் தளர்த்தி, ஷாஃப்ட்டில் அரைச் சுற்று திருப்பி மறுபடி அளக்கச் சொல்லுங்கள். எண் 10 கிராமுக்கு மேல் மாறினால் கூம்பு சரியாகப் பிடிக்கவில்லை என்று அர்த்தம், அந்த 0-ஐ நம்ப வேண்டாம்.

விற்கும் நேரம் வந்தாலும் பெரிய ஓட்டை வீலும் ரிங்கும்தான் வசதி. நட்டு வட்டமும் (நட்டு ஓட்டைகள் அமைந்த வட்டத்தின் அளவு) ஆஃப்செட்டும் (வீல் எவ்வளவு உள்ளே அல்லது வெளியே உட்காரும் என்ற அளவு) ஒத்துப்போனால் அடுத்த காருக்கு ரிங்கை மட்டும் மாற்றினால் போதும், வாங்குபவர்கள் வட்டமும் விரியும். உங்கள் ஹப்புக்கு அச்சாகப் பொருந்தும் வீல் கிடைத்தால் ரிங்கே வேண்டாம், அதுதான் உத்தமம். விற்கும்போது மட்டும் அதே ஹப் உள்ள கார்க்காரரைத் தேட வேண்டும்.

ரிங் வாங்கும்போது கார் பெயரைச் சொல்லி வாங்காமல் வெர்னியர் அளவுகோலால் ரிம் ஓட்டை, ஹப் விளிம்பு இரண்டையும் அளந்து வாங்குங்கள். அலாய்களில் 72.6 ஓட்டையும் உண்டு, 73.1-ம் உண்டு. கடையில் இரண்டையும் ‘73’ என்றே எடுத்து நீட்டுவார்கள். 73.1 ஓட்டையில் 72.6 ரிங் சுலபமாக நுழையும். அரை மில்லிமீட்டர் தொளதொளப்பு, அதாவது மையத்திலிருந்து கால் மில்லிமீட்டர் விலகல், அதாவது அதே 22 கிராம்.