அப்பத்தா அலமாரிக்கு டிஸ்டெம்பர் அடித்தேன்: சாக் பெயிண்ட் வகுப்புக்குப் போகிறவர்கள் கவனத்துக்கு

இதை எழுதாமல் இரண்டு மாதம் தள்ளிப்போட்டேன். ஏமாந்ததை ஊருக்குச் சொல்ல யாருக்குத்தான் மனசு வரும்? போன வாரம் தோழி ஒருத்தி ஒரு விளம்பரப் படத்தை அனுப்பி, "இதுக்குப் போலாமாடி?" என்று கேட்டாள். பழைய மரச்சாமானுக்குச் சாக் பெயிண்ட் அடிக்கக் கற்றுத்தருகிற, நான் போன அதே வகுப்பு. அதே மஞ்சள் நாற்காலி, அதே "உப்புத்தாள் வேண்டாம், பிரைமர் வேண்டாம், கழுவக்கூட வேண்டாம்". சரி, இனிமேலும் சும்மா இருக்கக் கூடாது என்று உட்கார்ந்துவிட்டேன். நடத்துகிறவர் பெயரைப் போடப் போவதில்லை. எப்படி ஏமாற்றினார்கள் என்று தெரிந்தால், யார் நடத்தினாலும் நீங்களே கண்டுபிடித்துவிடுவீர்கள்.

பங்குனி மாதத்து ஞாயிற்றுக்கிழமை. பைபாஸ் ரோட்டுப் பக்கம் ஒரு மாடி ஹால். 14 பெண்கள். கட்டணம் 3,500 ரூபாய். அதற்குள் ஒரு கிலோ பெயிண்ட் டப்பா ஒன்று, பெயிண்டுக்கு மேலே தேய்க்க டார்க் வாக்ஸ் என்று ஒரு தகர டப்பா கரு மெழுகு, ஒரு பிரஷ், மத்தியானம் எலுமிச்சை சாதம். பெயிண்ட் லண்டன் சாக்குக்கட்டி மண்ணில் செய்ததாம். நாங்களும் தலையாட்டினோம். வீட்டுக்கு வந்த பிறகுதான் தேடிப் படித்தேன். இந்த வகைப் பெயிண்டை 1990இல் இங்கிலாந்தில் ஆக்ஸ்ஃபோர்டைச் சேர்ந்த ஆனி ஸ்லோன் என்பவர் கொண்டுவந்தார். காய்ந்த பிறகு பளபளப்பே இல்லாமல் சாக்குக்கட்டி பூசியதுபோல மென்மையாகத் தெரிவதால்தான் அந்தப் பெயர். பள்ளிக்கூடத்துக் கரும்பலகைக்கு அடிக்கிற பெயிண்ட் வேறு, இது வேறு. இதையெல்லாம் பணத்தைக் கொடுப்பதற்கு முன்னால் படித்திருக்க வேண்டும்.

வகுப்பில் எங்களுக்குப் பழகக் கொடுத்தது புத்தம்புது மரத் தட்டு. பாலிஷ் கிடையாது, எண்ணெய்ப் பிசுக்கு கிடையாது. அந்த மாதிரி வெறும் மரத்தில் தண்ணீர் கலந்த எந்தப் பெயிண்டும் அழகாக உட்காரும். ஏமாற்று வேலை அங்கேயே ஆரம்பித்துவிட்டது என்று இப்போது புரிகிறது. அன்றைக்கு எல்லாரும் தட்டைத் தூக்கிப் பிடித்து போட்டோ எடுத்துக்கொண்டோம். நானும்தான்.

வீட்டில் இருப்பது அப்பத்தாவுக்கு சோழவந்தானிலிருந்து சீராக வந்த தேக்கு அலமாரி. இடுப்பு உயரம், இரட்டைக் கதவு, அரக்கு பாலிஷ். கைப்பிடியைச் சுற்றி, தேங்காய் எண்ணெய்க் கை பட்டுப் பட்டு, உள்ளங்கை அகலத்துக்குக் கருத்துப் போயிருக்கும். சித்திரைத் திருவிழாவுக்குச் சொந்தக்காரர்கள் வருவதற்குள் அதைச் சந்தன நிறத்துக்கு மாற்றி, கூடத்தில் வைக்க ஆசைப்பட்டேன்.

முதல் கை அடித்ததும் அந்தக் கருத்த இடத்தில் பெயிண்ட், தாமரை இலைத் தண்ணீர் மாதிரி விலகி விலகி ஓடியது. மற்ற இடங்களில் காய்ந்தது. சாயங்காலம் நகத்தால் லேசாகக் கீறிப் பார்த்தேன். அப்பளம் மாதிரி உரிந்து கையோடு வந்தது. வகுப்பு நடத்தியவருக்குப் போன் போட்டேன்.

"அது உங்க மரத்துல இருக்கிற கோளாறு மேடம். 80 நம்பர் உப்புத்தாள் வாங்கி, மரம் தெரியிற வரைக்கும் தேய்ச்சு எடுத்துருங்க."

உப்புத்தாளே வேண்டாம் என்று சொன்ன அதே வாய்!

இரண்டு நாள் தேய்த்தேன். பங்குனி வெயிலில் வாசலில் உட்கார்ந்து, மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு. அப்புறம் இரண்டு கை அடித்தேன். இந்தத் தடவை பிடித்துக்கொண்டது. மறுநாள் காலையில் பார்த்தால், மேல் பலகை முழுக்க டீ கொட்டிய மாதிரி பழுப்புத் திட்டு. தேக்கு இலையைக் கசக்கினால் உள்ளங்கை சிவக்குமே, அதேபோல மரத்துக்குள்ளும் சாயம் உண்டு. தண்ணீர் கலந்த பெயிண்ட் அதை மேலே இழுத்துவிடும். வெளிர் நிறத்தில் அப்படியே தெரியும். எனக்கு அப்போது இது தெரியாது. மறுபடி போன். "இன்னொரு கோட் போடுங்க மேடம்." போட்டேன். திட்டு வந்தது. இன்னொன்று. டப்பா காலி. அடுத்த டப்பா 850 ரூபாய், அவர்களிடமே வாங்கினேன். கோட் மேல் கோட் போடச் சொன்னதன் சூட்சுமம் அந்த 850இல் இருந்திருக்கிறது.

கடைசியாக அவர் சொன்ன வைத்தியம்: "அது விண்டேஜ் லுக் மேடம். டார்க் வாக்ஸ் போட்டா மறைஞ்சிரும்." தகர டப்பாவைத் திறந்தால் மண்ணெண்ணெய் வாடை. தேன்மெழுகு என்று ஒட்டியிருந்தது. எனக்கென்னவோ மெழுகுவர்த்தியை உருக்கி எண்ணெயும் சாயமும் கலந்ததாகத்தான் தோன்றியது. துணியில் தொட்டுத் தேய்த்ததும் உறிஞ்சிய இடமெல்லாம் கருப்பு, உறிஞ்சாத இடமெல்லாம் சந்தனம். தேமல் விழுந்த முகம் மாதிரி ஆயிற்று. முதலில் நிறமில்லாத மெழுகை மெல்லிசாகத் தேய்த்துவிட்டு, அதன் மேல்தான் கரு மெழுகைத் தொட வேண்டும். அப்போதுதான் அதிகமானதைத் துடைத்து எடுக்க முடியும். எங்களுக்குக் கொடுத்த பையில் நிறமில்லாத மெழுகே இல்லை.

அதுவாவது காய்ந்ததா? நல்ல மெழுகும் தொட்டால் ஒட்டாத நிலைக்குச் சீக்கிரம் வந்தாலும், உள்ளே இறுக சில வாரம் ஆகும். ஆனால் இது மூன்று வாரம் கழித்தும் பிசுபிசுத்தது. அழகர் ஆற்றில் இறங்கிய அன்று, விடிகாலையில் கூட்டத்தில் நின்று களைத்து வந்த சித்தப்பா அலமாரியில் முதுகைச் சாய்த்துக்கொண்டு காபி குடித்தார். எழுந்தபோது வெள்ளைச் சட்டையின் முதுகில் கதவுச் சட்டத்தின் அச்சு அப்படியே பழுப்பாக விழுந்திருந்தது. அவர் ஒன்றும் சொல்லவில்லை. சித்திதான், "என்னத்தா இது, அலமாரிக்கு வேர்க்குது" என்றார். வீடே சிரித்தது.

குட்டு உடைந்தது அதற்கு அடுத்த வாரம். காலி டப்பாவை வீணாக்குவானேன், கறிவேப்பிலைக் கன்று வைக்கலாம் என்று தண்ணீரில் ஊறப் போட்டேன். அவர்கள் ஒட்டிய லேபிள் கழன்று மிதந்தது. அடியில் இன்னொரு லேபிள். எல்லாருக்கும் தெரிந்த பெயிண்ட் கம்பெனியுடையது. உட்புறச் சுவருக்கான அக்ரிலிக் டிஸ்டெம்பர், ஒரு கிலோ. எங்கள் தெரு முனைக் கடையில் விலை கேட்டேன். 150 ரூபாயைத் தாண்டவில்லை.

டிஸ்டெம்பரிலும் சுண்ணத்தூள்தான் பிரதானம். அதனால் காய்ந்தால் இரண்டும் ஒரே மாதிரி மங்கலாகத் தெரியும். புதிதாகக் கற்க வருகிறவரால் கண்ணால் பார்த்துப் பிரிக்கவே முடியாது. ஆனால் அது சுவருக்குச் செய்தது. உறிஞ்சுகிற பூச்சில் பிடித்துக்கொள்ளும், வழுவழுப்பான பாலிஷில் எதைப் பிடிக்கும்?

பழைய மரச்சாமான் வேலை பார்க்கிற ஆசாரி ஒருவரை வீட்டுக்கு அழைத்து வந்தேன். கதவைத் தடவிப் பார்த்துவிட்டு, விரலை முகர்ந்தார்.

"ஏம்மா, டிஸ்டெம்பர் அடிச்ச தேக்கு அலமாரிய இப்பத்தான் பாக்குறேன். 80 நம்பர் போட்டா தேய்ச்சீங்க? அரக்கு பாலிஷ்தானேம்மா கறையப் பிடிச்சு வச்சிருந்துச்சு. அதச் சொரண்டிட்டு அது மேல தண்ணிப் பெயிண்ட ஊத்துனா?"

"அப்ப என்னண்ணே செஞ்சிருக்கணும்?"

"சோப்புத் தண்ணியில பிசுக்கப் போக்கிட்டு, 220 நம்பர் நைஸ் உப்புத்தாள்ல லேசா ஒரு தடவு. அப்புறம் அரக்க ஸ்பிரிட்ல கரைச்சு ரெண்டு கை. அதுக்கு மேல நீங்க என்ன கலர் வேணா அடிங்க."

கிட்டத்தட்ட இதைத்தான் வெளிநாட்டு சாக் பெயிண்ட்காரர்களும் சொல்கிறார்கள். உப்புத்தாள் வேண்டாம் என்பது நல்ல சரக்கு விஷயத்தில் பெரும்பாலும் உண்மை. அழுக்கைக் கழுவ வேண்டாம் என்று யாரும் சொல்வதில்லை. கறை விடுகிற மரத்துக்கு அரக்குப் பூச்சு முதலில் வேண்டும் என்பதும் அவர்கள் சொல்வதுதான். ஆகவே வகுப்பில் சேருவதற்கு முன் "தேக்கில், ஈட்டி மரத்தில் பழுப்புக் கறை வந்தால் என்ன செய்வது?" என்று ஒரு கேள்வி கேளுங்கள். இன்னொரு கோட் என்று பதில் வந்தால் திரும்பி வந்துவிடுங்கள். உங்கள் வீட்டிலிருந்து பாலிஷ் போட்ட பழைய பலகைத் துண்டு ஒன்றை எடுத்துப்போய், அதில் அடித்துக் காட்டச் சொல்லுங்கள். டப்பாவில் தயாரித்தவர் பெயர், முகவரி, அளவு, அதிகபட்ச விலை, மாதம், வருடம் இருக்கிறதா என்று பாருங்கள். அடைத்து விற்கிற பொருளுக்கு இது சட்டப்படி கட்டாயம். எனக்குக் கொடுத்த லேபிளில் ஒரு ரோஜாப் பூ மட்டும்தான் இருந்தது.

ஈரத்துணியால் துடைத்துப் பார்த்து, கரைந்தால் போலி என்று மட்டும் முடிவு கட்ட வேண்டாம். மெழுகு போடுவதற்கு முன் நல்ல சாக் பெயிண்டும் ஈரம் பட்டால் கொஞ்சம் கரையத்தான் செய்யும். இரண்டு நாள் காய்ந்த பிறகும் உலர்ந்த விரலில் முகப்பவுடர் மாதிரி ஒட்டினால் சந்தேகப்படுங்கள். இன்னொன்று, நல்ல மெழுகே போட்டாலும் சூடான காபி டம்ளரை வைத்தால் வளையம் விழும். சாப்பாட்டு மேசைக்கு இந்த வேலையே வேண்டாம் என்பது என் கட்சி.

பணம் திரும்பி வரவில்லை. "மத்த எல்லாருக்கும் நல்லா வந்துச்சே" என்றார் வகுப்பு நடத்தியவர், அப்புறம் என் எண்ணைத் தடுத்துவிட்டார். தனி நபர் எண்ணுக்கு ஜிபே பண்ணியது, பில் கேட்காதது, இரண்டும் என் தப்பு. 1915க்கு, அதாவது தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்கு, போன் செய்து புகாரைப் பதிந்திருக்கிறேன். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போக இரண்டு வருடம் அவகாசம் உண்டு. 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் கிடையாது. ஜிபே ரசீது, இரண்டு லேபிள், சித்தப்பா சட்டை மூன்றையும் ஒரு பையில் போட்டு வைத்திருக்கிறேன்.

ஆசாரி டர்பன்டைனில் மெழுகை எடுத்துவிட்டு, வெந்நீரும் தேங்காய் நாருமாகத் தேய்த்தார். லண்டன் பெயிண்ட் பால் மாதிரிக் கரைந்து சாக்கடைக்குப் போனது. அரக்கு பாலிஷோடு கூலி 4,200 ரூபாய். கதவு ஓரச் செதுக்கலின் இடுக்கில் இன்னும் வெள்ளை தெரிகிறது, குச்சி வைத்துக் குத்தியும் போகவில்லை.

850 ரூபாய் டப்பாவில் பாதி மிச்சம் இருந்தது. ஸ்டோர் ரூம் சுவரில் அடித்தேன். அருமையாக உட்கார்ந்திருக்கிறது.