லெ கொர்பூசியேயின் அக்ரோபோலிஸ் பென்சில் ஓவியம்: ஓர் அச்சுப் பிரதியின் மதிப்பீடு

சண்டிகர் நகரை வடிவமைத்தவர் என்றே லெ கொர்பூசியேயை நம்மில் பலரும் அறிவோம். அவர் வாழ்நாள் நெடுகிலும் ஓவியராகவும் இயங்கியவர். 1918இல் ஓசான்ஃபான் என்ற ஓவியருடன் சேர்ந்து பியூரிசம் என்னும் ஓவியப் போக்கைத் தொடங்கியவர். ஸ்விட்சர்லாந்தில் பிறந்து 1930இல் பிரெஞ்சுக் குடிமகனான அவர், ஜானெரே என்ற இயற்பெயரில் அறியப்பட்ட 1911ஆம் ஆண்டில், தம் 23ஆம் வயதில், பால்கன் நாடுகள், இஸ்தான்புல் வழியாக ஏதென்ஸ் சென்று, அக்ரோபோலிஸ் குன்றின் கோயில்களைச் சிறிய குறிப்பேடு ஒன்றில் பென்சிலால் வரைந்தார். அங்குள்ள பார்த்தெனான் கோயிலின் தூண்களைக் காட்டும் அத்தகைய பக்கம் ஒன்றின் பிரதியை சென்னை ராயப்பேட்டையில் உள்ள ஓர் அச்சகத்தில் ஃபிரேமுடன் 4,200 ரூபாய்க்கு வாங்கினேன்.

பென்சில் கோட்டை அச்சில் கொண்டுவருவது எளிதன்று. பென்சிலின் உள்ளே இருக்கும் கிராஃபைட் முழுக் கறுப்பாவதில்லை. கை அழுந்திய இடத்தில் அடர்ந்த சாம்பலாகவும், விரைந்து ஓடிய இடத்தில் காகிதத்தின் மேடுகளை மட்டும் தொட்ட துகளாகவும் நிற்கும். இந்த அச்சகம் பல சாம்பல் நிற மைகளைக் கொண்டு பருத்திக் காகிதத்தில் அச்சிட்டிருப்பதால், தூணின் நிழற்பக்கத்தில் பென்சில் திரும்பத் திரும்பச் சென்றதுகூடத் தெரிகிறது. பாராட்டத்தக்க வேலை. குறை இருப்பது அளவில்தான். சட்டைப்பையில் வைக்கக்கூடிய பக்கத்தை ஏ3 அளவுக்குப் பெருக்கியதால், விரைவுக் கோடுகள் தடித்துக் கரிக்கோடுகளைப் போலத் தோன்றுகின்றன. மணிக்கட்டின் ஒரே வீச்சில் விழுந்த கோடு, தயங்கித் தயங்கிப் போட்டது போல ஆகிவிடுகிறது.

இதை நான் பெரிதாகக் கருதக் காரணம் உண்டு. அப்பயணத்தில் புகைப்படக் கருவியும் கையில் இருந்தும், அவர் வரைந்தது கட்டடத்தின் எடையையும் இடைவெளியையும் தாமே அளந்து அறிவதற்காக; ஆகவே ஒவ்வொரு கோட்டின் வேகமும் அவர் எதைக் கண்டார், எதை விட்டார் என்பதற்குச் சான்று. சண்டிகரின் தலைமைச் செயலகத்தையும் உயர் நீதிமன்றத்தையும் சிவாலிக் மலைகள் பின்னணியில் நிற்க, ஒன்றுக்கொன்று வெகு தொலைவில் அமைத்த கண் அக்ரோபோலிஸ் குன்றில்தான் பழகியது என்பது என் துணிபு. ஓவியர் ஆதிமூலம் காந்தியைக் கோடுகளிலேயே வரைந்து காட்டிய இந்த ஊரில், கோட்டின் அருமையை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

ஃபிரேம் விஷயத்தில் கவனம் தேவை. முதலில் கண்ணாடி காகிதத்தின் மேலேயே படியும்படி பொருத்தித் தந்தார்கள். சென்னையின் ஈரக் காற்றில், அதுவும் வடகிழக்குப் பருவமழையின்போது, காகிதம் கண்ணாடியில் ஒட்டிப் பூஞ்சைப் புள்ளிகள் தோன்றும். எடுத்துச் சொன்னதும், கூடுதல் பணம் கேட்காமல், அமிலமற்ற அட்டையில் மவுண்ட் (கண்ணாடி காகிதத்தைத் தொடாதபடி ஓவியத்தைச் சுற்றி வைக்கும் அட்டை விளிம்பு) வைத்து மாற்றிக் கொடுத்தார்கள். சாதாரணக் கண்ணாடியில் டியூப்லைட்டின் பிரதிபலிப்பு விழுந்தால் மெல்லிய சாம்பல் கோடுகள் மறைந்துவிடுகின்றன; பிரதிபலிக்காத கண்ணாடிக்கு விலை அதிகம் என்றாலும், பென்சில் ஓவியத்துக்கு அது அவசியம். மழைநீர் ஊறும் வெளிச்சுவரில் மாட்டாமல், சட்டத்தின் பின்மூலைகளில் தக்கைத் துண்டுகள் ஒட்டிக் காற்று புக இடம் விடுவது நல்லது.

கட்டடக்கலை மாணவர்களுக்கு இந்தப் பிரதியைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். மூல அளவிலேயே அச்சிட்டு, சுற்றிலும் அகலமான மவுண்ட் வைக்கச் சொல்லுங்கள்; முழுப்பணம் கட்டுமுன் ஒரு மாதிரி அச்சை வாங்கிப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள்.