மருத்துவமனைத் தமிழ் மொழிபெயர்ப்புச் சேவை: தொலைபேசிக்கு 1 நட்சத்திரம், நேரில் வந்தவருக்கு 5

அம்மாவுக்கு 71 வயது. சிங்கப்பூரில், ஈசூனிலிருந்து தனியாகவே பஸ் பிடித்து மருத்துவமனைக்குப் போய்விடுவார். டாக்டர் பேசும் ஆங்கிலம்தான் புரியாது. நான் கூடப் போய் விளக்கினால், “நீ எதையோ மறைக்கிற” என்பார். அதனால்தான் மருத்துவமனையின் மொழிபெயர்ப்புச் சேவையைக் கேட்டோம். எந்த மருத்துவமனை என்பது இங்கே வேண்டாம்.

முதல் முறை தொலைபேசியில். முக்கால் மணி நேரம் காத்திருந்தோம். எம்.ஆர்.ஐ. படத்தைக் காட்டி டாக்டர் ‘மெனிஞ்சியோமா’ என்றார். ஒலிபெருக்கியில் வந்த குரல் யோசிக்காமல் “மூளைப் புற்றுநோய்” என்றது. அம்மா கைப்பையை மடியோடு இறுக்கிக்கொண்டார். அதற்கப்புறம் யார் சொன்னதும் அவர் காதில் ஏறவில்லை. நான் திருத்தியதையும் நம்பவில்லை. இரண்டு வாரம் தேக்காவுக்கு மீன் வாங்கக்கூடப் போகவில்லை.

அடுத்த முறை, நேரில் ஒருவர் வந்தே ஆகவேண்டும் என்று தாதியிடம் அடம்பிடித்தேன். வந்த அம்மையார் டாக்டரிடம் முதலில் இரண்டு கேள்வி கேட்டுக்கொண்டார். அப்புறம் அந்தச் சொல்லையே பிரித்துப்போட்டார். ‘மெனிங்ஸ்’ என்பது மூளையைச் சுற்றியிருக்கும் உறை. ‘ஓமா’ என்றால் கட்டி. இரண்டும் கிரேக்கத்திலிருந்து வந்தவை. உறையில் வளரும் கட்டி, அவ்வளவுதான். 1922-இல் ஹார்வி குஷிங் என்ற அமெரிக்க அறுவை மருத்துவர் வைத்த பெயராம்.

“ஓமம்னுல்ல நினைச்சேன்!” என்றார் அம்மா. டாக்டருக்கும் அதை மொழிபெயர்த்துச் சொன்னார் அந்த அம்மையார்.

‘ஓமா’ என்று முடிந்தாலே புற்று இல்லை, அடிபட்டு இரத்தம் கட்டினால்கூட ‘ஹீமடோமா’தான் என்றார். ஆனால் ‘மெலனோமா’ புற்றுநோய். ஆகவே பெயரை வைத்துத் தீர்மானிக்காமல், கட்டியின் தரம் (எவ்வளவு தீவிரமானது என்ற அளவு) எத்தனை என்று டாக்டரிடம் கேட்கச் சொன்னார். மெனிஞ்சியோமாக்களில் பெரும்பாலானவை தரம் 1, மெதுவாக வளர்பவை. அம்மாவுக்கு இப்போதைக்குக் கத்தி வேண்டாம், ஆறு மாதம் கழித்து மறுபடி எம்.ஆர்.ஐ.

அம்மா விடவில்லை. பக்கத்து புளோக்காரரின் தம்பிக்கு வந்த ‘கிளையோமா’ என்னவென்று கேட்டார். ‘கிளியா’ என்றால் பசை. நரம்பு செல்களை ஒட்டிப் பிடித்திருப்பவை என்று நினைத்து, 19-ஆம் நூற்றாண்டில் ருடால்ஃப் விர்ஹோ என்ற ஜெர்மானிய மருத்துவர் மூளையின் துணைச் செல்களுக்கு வைத்த பெயர். அந்தச் செல்களில் வரும் கட்டிதான் கிளையோமா. அவற்றுக்கு வேறு வேலைகளும் உண்டு என்று பின்னால் தெரிந்தது. பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது.

இந்தச் சேவை வேண்டுமென்றால் சந்திப்பு நேரம் குறிக்கும்போதே “நேரில் வரும் தமிழ் மொழிபெயர்ப்பாளர்” என்று கேட்டுவிடுங்கள். அன்று காலையில் கேட்டபோது எங்களுக்குக் கிடைத்தது அந்த ஒலிபெருக்கிதான்.